தெரியாது என்பதற்குச் சாட்சி

ஐந்து மாதங்கள், செவ்வாய்க்கிழமை தவறாமல் அப்பா எங்கள் வண்டியைப் பார்த்துவரப் போனார். காலையில் முதல் பஸ். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், கிழிந்த வேட்டித் துணி ஒன்று, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. காவல் நிலையத்தின் பின்புறம், மதில் ஓரமாக, வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. "ஸ்டார்ட் செய்யக் கூடாது, எதையும் கழற்றக் கூடாது, துடைத்துக்கொள்ளலாம்" என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். அப்பா கண்ணாடியைத் துடைப்பார். வைப்பர் இடுக்கில் சேர்ந்த வேப்பஞ்சருகுகளை ஒவ்வொன்றாக எடுப்பார். நான்கு டயர்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். முகப்பில் சந்தனம் காய்ந்து உதிர்ந்த இடத்தில் 'பண்ணாரி அம்மன் துணை' என்று எழுதியிருக்கும். அதன்மேல் துணியை இரண்டு முறை ஓட்டுவார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "பின் டயர் ஒன்று இறங்கிவிட்டது" என்பதுபோல ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். மீதியை அம்மா கேட்கமாட்டார்.

ஒருமுறை நானும் உடன் போனேன். அந்த இடத்தில் முப்பது வண்டிகளுக்குக் குறையாது. மொபெட்டுகள், ஒரு ஆம்னி வேன், சக்கரம் மண்ணில் புதைந்த ஆட்டோ. ஒரு ஸ்கூட்டரின் கிழிந்த சீட்டுக்குள் புகுந்து கோவைக்கொடி ஏறியிருந்தது, பழம்கூடப் பழுத்திருந்தது. இவற்றில் சில உண்மையிலேயே சாராயம் கடத்திய வண்டிகளாக இருக்கும். எத்தனை வண்டிகளின் சொந்தக்காரர்கள் எங்களைப்போல வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் என்பதை அந்த வெட்டவெளியைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லா வண்டிகளின்மீதும் ஒரே வெள்ளைப் பெயின்டில் வழக்கு எண் எழுதியிருந்தது.

எங்களுடையது டாடா ஏஸ். ஊரில் எல்லாரும் சொல்வதுபோலக் குட்டி யானை. புளியம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். கூலிக்கு நெய்துகொண்டிருந்த விசைத்தறிகளை அப்பா எடைக்குப் போட்டுவிட்டு, அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டி, மீதிக்கு பைனான்ஸ் வாங்கி எடுத்த வண்டி. ஈரோட்டுக்கு மஞ்சள், சத்தியமங்கலத்துக்கு வாழைத்தார், வியாழக்கிழமை புளியம்பட்டிச் சந்தைக்கு ஆடு, தாளவாடியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு முட்டைக்கோஸ். அப்பாவுக்கு முழங்கால் வலி. திம்பம் மலையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் கிளட்சை மிதித்து மிதித்து ஏறி இறங்க அவரால் ஆகாது. அதனால் மலைச்சவாரிக்கு மட்டும் ஊரிலேயே ஒரு பையனை வைத்துக்கொண்டார். இருபத்து மூன்று வயது. என்னை அக்கா என்பான். எங்கள் வீட்டு நோம்பிக்கு முறுக்குச் சுடும்போது அடுப்படி வரைக்கும் வந்து உட்கார்ந்து தின்றுவிட்டுப் போகிறவன்.

2023ஆம் ஆண்டு புரட்டாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, தாளவாடியில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மலை இறங்கியவனை ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். மூட்டைகளுக்கு அடியில் இரண்டு அட்டைப்பெட்டிகள். உள்ளே கர்நாடகத்தில் விற்கும் தொண்ணூறு மில்லி மது பாக்கெட்டுகள். அங்கே மலிவு, எல்லை தாண்டி இங்கே கொண்டுவந்தால் பாக்கெட்டுக்கு இத்தனை என்று கையில் நிற்கும். தாளவாடிக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டம்தான். நடுவில் மலையோ ஆறோ ஒன்றும் கிடையாது. தோட்டத்து வேலி தாண்டுவதுபோலத் தாண்டிவிடலாம்.

செய்தி வந்தபோது அப்பா பதறவில்லை. "மடியில் கனமில்லை, வழியில் பயமென்ன" என்று சொல்லிக்கொண்டு ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ், பெர்மிட் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டார். நிலையத்தில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். காகிதங்களைப் பார்த்துவிட்டு, "உங்கள் பேரில் வழக்கு எதுவும் இல்லைங்க, பயப்படாதீர்கள். வழக்கு பையன் பேரிலும் வண்டி பேரிலும்தான்" என்றார்.

அப்பா அதைக் கேட்டு நிம்மதியாகத் தலையாட்டினார். நானும்தான். வண்டியின் பேரில் வழக்கு என்றால் என்ன என்று எங்கள் இருவருக்கும் அன்றைக்குப் புரியவில்லை.

முதலில் புரியவைத்தவை முட்டைக்கோஸ் மூட்டைகள். நாற்பது மூட்டை. தாளவாடிக்காரர் ஒருவரின் நான்கு மாத வெள்ளாமையில் ஒரு பங்கு. வண்டி கைப்பற்றப்பட்ட சொத்து ஆகிவிட்டதால் அதிலிருந்து ஒரு காயை எடுக்கவும் எழுதி வாங்க வேண்டியிருந்தது. அனுமதி கிடைத்து மூட்டைகளை இறக்கியது நான்காம் நாள். தார்ப்பாயை நீக்கியபோது வந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அடி மூட்டைகளிலிருந்து பழுப்பு நிறத்தில் நீர் வடிந்து, வண்டியின் தளத்தில் தேங்கியிருந்தது. மேல் இலைகளை உரித்துவிட்டுத் தேறியதைத் தேற்றலாம் என்று நாங்கள் இரண்டு மூட்டை பார்த்தோம். கை வைத்த இடமெல்லாம் கூழ். தோட்டக்காரர் தொலைபேசியில் ஒரு கடுஞ்சொல்லும் பேசவில்லை. "உங்கள் நேரம் சரியில்லை, விடுங்கள்" என்றார். அப்பா கேட்கவில்லை. அந்த வாரமே அன்றைய சந்தை விலைக்குக் கணக்குப் போட்டு அவருக்குப் பணம் அனுப்பிவிட்டார். நம்பி ஏற்றிவிட்டவர் நட்டப்படக் கூடாது என்பது அவர் கணக்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தப் பாவத்தை இன்னோர் இடத்துக்குத் தள்ளிவிட அப்பாவுக்கு மனம் வரவில்லை.

அடுத்து மகஜரின் நகல் கைக்கு வந்தது. கைப்பற்றிய சொத்துகளின் பட்டியல். வரிசை எண் 1, மது பாக்கெட்டுகள். வரிசை எண் 2, வாகனம். இன்ஜின் எண், சேசிஸ் எண், நிறம் வெள்ளை. அப்பா இருபது ஆண்டு தறிச் சத்தத்தில் காது மந்தமாகிச் சேர்த்த சொத்து, அந்தப் பாக்கெட்டுகளுக்கு நேர் கீழே, அவற்றோடு ஒரே இனமாக எழுதப்பட்டிருந்தது.

கோபியில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். நிதானமான மனிதர். இரண்டு வழக்கு உண்டு என்று விளக்கினார். பையன்மீது நடப்பது குற்ற வழக்கு. அது நீதிமன்றத்தில் நடக்கும். வண்டிமீது நடப்பது பறிமுதல் நடவடிக்கை. அது வேறு தடம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தில் பதினான்காம் பிரிவு, மதுவை ஏற்றிவந்த வண்டியையும் பறிமுதலுக்கு உரியதாக்குகிறது. பையன் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பு எழுதும்வரை காத்திருக்கத் தேவையில்லாமல், அதிகாரம் பெற்ற அதிகாரியே நோட்டீஸ் கொடுத்து, விசாரித்து, வண்டியை அரசுடைமை ஆக்கிவிடலாம். பிறகு ஏலம். மாவட்டச் செய்திப் பக்கங்களில் அடிக்கடி வருமே, 'மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதல் செய்யப்பட்ட வாகனங்கள் ஆயுதப்படை மைதானத்தில் பொது ஏலம்' என்று, அதுதான். எத்தனையோ முறை அந்த அறிவிப்பைக் கண்ணால் கடந்து போயிருக்கிறேன். குற்றவாளிகளின் வண்டிகள் விற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கடந்திருக்கிறேன்.

பையன் பதினெட்டாம் நாள் ஜாமீனில் வெளியே வந்தான். வர வேண்டியதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. அவன் அம்மா எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, "உங்கள் வயிற்றில் அடித்துவிட்டானே சாமி" என்று அழுத அழுகை பொய்யில்லை. அவன் காவல்துறையிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தான்: பெட்டிகளை ஏற்றியது நான், பணம் எனக்கு, ஓனருக்கு ஒன்றும் தெரியாது. குற்றம் செய்தவனுக்கு ஜாமீன் கேட்க ஒரு வழி இருந்தது. பதினெட்டு நாளில் கிடைத்தது. ஒன்றும் செய்யாத வண்டி மேலும் நாலரை மாதம் உள்ளே நின்றது. மாதம் பிறந்தால் தவணை. வண்டி ஓடினாலும் நின்றாலும் பைனான்ஸுக்கு அது ஒன்றுதான். இரண்டாம் மாதம் அம்மாவின் வளையல், நான்காம் மாதம் என்னுடைய சங்கிலி.

பறிமுதல் விசாரணைக்கு அப்பாவுடன் நான் போனேன். சின்ன அறை, பெரிய மேசை, மேசைமேல் கட்டுக்கட்டாக இதேபோன்ற கோப்புகள். அப்பாவை உட்காரச் சொன்னார்கள். அவர் நின்றுகொண்டே பேசினார்.

"டிரைவர் உங்கள் ஆள்தானே?"

"ஆமாங்க."

"எத்தனை நாளாக?"

"ஒன்றரை வருஷமுங்க."

"என்ன ஏற்றுகிறான் என்று கேட்கமாட்டீர்களா?"

"கேட்டேனுங்க. முட்டைக்கோஸ் என்றான். முட்டைக்கோஸ்தான் ஏற்றினான்."

"அதற்கு அடியில்?"

அப்பா பேசவில்லை.

"உங்களுக்குத் தெரியாது என்கிறீர்கள். தெரியாது என்பதற்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்?"

அப்பா பிளாஸ்டிக் உறையைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்து நீட்டினார். அவரிடம் இருந்த ஆதாரம் அது ஒன்றுதான். வண்டி என்னுடையது என்பதற்கு ஆதாரம். அந்த அறையில் அதுவே அவருக்கு எதிரான காகிதம் என்று அவருக்குத் தெரியவில்லை. நீட்டிய கை சற்று நேரம் அப்படியே நின்றது, யாரும் வாங்கவில்லை.

அன்றிலிருந்து இந்த ஒரு கேள்வியைத்தான் நான் சுமந்துகொண்டு திரிகிறேன். ஒருவருக்கு ஒன்று தெரியும் என்பதைக் காட்டத் தடயங்கள் இருக்கும். தொலைபேசி அழைப்பு இருக்கும், பணம் கைமாறியிருக்கும், பார்த்தவர் யாராவது இருப்பார். தெரியாமை எந்தத் தடயத்தையும் விட்டுவைப்பதில்லை. அந்த ராத்திரி பையன் பெட்டிகளை ஏற்றிய நேரத்தில் அப்பா எங்கள் வீட்டு வாசலில் கயிற்றுக்கட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தார். உறங்கியதற்கு அம்மா சாட்சி. உறக்கத்தில் அவர் ஒன்றையும் அறியாதிருந்தார் என்பதற்கு யார் சாட்சி? திருடனைப் பிடித்த அரசு, திருடு போகக் கொடுத்தவனிடம் வந்து, நீ உடந்தை இல்லை என்று நிரூபி என்று கேட்டால் ஊர் ஒப்புமா? வண்டி விஷயத்தில் மட்டும் சட்டம் அப்படித்தான் கேட்கிறது.

வேறு சட்டங்களையும் தேடிப் படித்தேன். 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தில் 6-பி என்ற பிரிவும், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 60ஆம் பிரிவும் வண்டியின் சொந்தக்காரருக்கு ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கின்றன. வாசலின் அகலத்தைப் பார்த்தபோதுதான் திகைத்தேன். உரிமையாளர், அவருடைய முகவர், வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் ஆகிய மூவருக்கும் தெரியாமல் அது நடந்தது என்றும், மூவரும் போதிய முன்னெச்சரிக்கை எடுத்தார்கள் என்றும் உரிமையாளர் நிரூபிக்க வேண்டும். வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் என்றால் டிரைவர். கடத்தியதே டிரைவர்தான் எனும்போது, டிரைவருக்குத் தெரியாது என்று முதலாளி எப்படி நிரூபிப்பார்? எழுத்துக்கு எழுத்து படித்தால், டிரைவர் வைத்து வண்டி ஓட்டும் எவரும் அந்த வாசலில் நுழைய முடியாது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் இருந்துகொண்டு லாரியை அசாமுக்கும் பீகாருக்கும் அனுப்புகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கின்றன. இந்தச் சீமையின் பிழைப்பே, கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும் ஒரு டிரைவரை நம்புவதில்தான் நிற்கிறது.

எங்கள் வண்டியைப் பிடித்த சட்டம் பிறந்ததும் இந்தச் சீமையோடு தொடர்புள்ள இடத்தில்தான். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தை 1925இல் தொடங்கி, அங்கிருந்து மதுவிலக்குக்காக ஊர் ஊராகப் பேசியவர் ராஜாஜி. முதலமைச்சர் ஆனதும் 1937 அக்டோபர் 1 அன்று, அப்போதைய சேலம் மாவட்டத்தில்தான் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். நாமக்கல்லும் திருச்செங்கோடும் அன்றைய சேலத்துக்குள் அடக்கம். கள்ளுக்கடை வருமானம் போன இடத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரி வந்தது. வருமானத்தை விட்டுக்கொடுத்தாவது குடியை நிறுத்துவோம் என்று எழுதப்பட்ட சட்டம் அது. அதன் நோக்கத்தை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். குடித்து அழிந்த குடும்பம் எங்கள் உறவிலும் உண்டு.

ஆனால் சட்டத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்க, உள்ளே இருந்த உயிர் மாறிவிட்டது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 2003இலிருந்து சில்லறைக் கடைகளையும் அரசே நடத்துகிறது. இன்று ஒரு பாட்டில் குற்றமா இல்லையா என்பதை அதற்குள் இருக்கும் மது தீர்மானிப்பதில்லை. அது எந்தக் கடையிலிருந்து வந்தது, எந்த அரசுக்கு வரி போனது என்பதே தீர்மானிக்கிறது. மதுவின் கேட்டிலிருந்து மக்களைக் காக்கும் அவசரம் என்று ஒரு காலத்தில் சொல்லக்கூடிய காரணம், வண்டியைப் பறிக்கும் பிரிவுக்கு இன்று எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஆள்வோர் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இது நம் ஊரில் மட்டும் வந்த வினையும் அல்ல. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து கார் வியாபாரி ஒருவர் ஹட்சன் கார் ஒன்றைத் தவணைக்கு விற்றார். பாக்கி தீரும்வரை உரிமை வியாபாரியிடம். வாங்கியவர் அதில் வரி கட்டாத 58 கேலன் மதுவை ஏற்றிச் சிக்கிக்கொண்டார். வியாபாரிக்கு எதுவும் தெரியாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனாலும் 1921இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் காரைப் பறித்தது செல்லும் என்றது. 1926இல் கன்சாஸ் மாநிலப் பெண் ஒருவரின் காருக்கும் இதே கதி. நம்பி ஒருவரிடம் பொருளைக் கொடுத்தால், அவர் செய்வதன் விளைவை உடையவர்தான் தாங்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அவர்கள் நாட்டு மதுவிலக்கு 1933இல் முடிந்துபோயிற்று. அங்கே மத்திய அரசின் பறிமுதல்களில் குற்றமற்ற உரிமையாளருக்குப் பொதுவான பாதுகாப்புச் சட்டம் வர 2000ஆம் ஆண்டு ஆனது.

அந்த 1921 தீர்ப்பு, பொருளுக்கே ஒரு ஆளுமையை ஏற்றிச் சொல்லும் பழைய ஆங்கிலேய வழக்கத்தை நினைவுகூர்கிறது. வண்டி ஏறி ஒருவர் செத்தால், அந்த வண்டியையே குற்றப் பொருளாக்கி அரசர் எடுத்துக்கொள்வார். இங்கிலாந்து அதை 1846இல் ஒழித்துவிட்டது. படித்தபோது எனக்கு மனுநீதிச் சோழன் கதைதான் நினைவுக்கு வந்தது. திருவாரூர் வீதியில் தேர்க்காலில் கன்று அடிபட்டுச் செத்தது. பசு மணியை அடித்தது. அரசன் என்ன செய்தான்? தேரைக் கொண்டுபோய்க் கருவூலத்தில் பூட்டவில்லை. தேரைச் செய்த தச்சனைக் கூப்பிடவில்லை. ஓட்டியவன் யார் என்று கேட்டான். ஓட்டியவன் தன் மகன் என்றபோதும் மகனிடமே போனான். அந்தத் தண்டனை மிகக் கொடியது, அதை நான் நியாயம் என்று சொல்லவரவில்லை. தேரையும் ஆளையும் பிரித்துப் பார்க்கும் அறிவு அந்தக் கதையில் இருக்கிறது. சின்ன வயதில் கேட்ட கதைக்குள் இருக்கும் அந்த அறிவு, எங்கள் மகஜரின் வரிசை எண் 2இல் இல்லை.

அரசின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கடத்தலைத் தொழிலாகச் செய்பவர்கள் வண்டியைச் சொந்தப் பேரில் வைப்பதில்லை. மாமியார் பேரில், வேலைக்காரர் பேரில் எடுப்பார்கள். பிடிபட்டால் "எனக்குத் தெரியாதுங்க" என்று அந்த மாமியார் வந்து நிற்பார். வண்டி போனால்தான் அவர்களுக்கு வலிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த நஞ்சும் ஏதோ ஒரு வண்டியில்தான் வந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டியைத் திருப்பிக் கொடு என்று எவரும் கேட்க முடியாது. அந்த மாதமே தண்டனைகளைக் கடுமையாக்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள், சரியான காரியம். நான் கேட்பது, பினாமி மாமியாரையும் என் அப்பாவையும் பிரித்துப் பார்க்கும் வேலையை அரசு செய்ய வேண்டும் என்பதுதான். விசாரணைக் கருவிகள் எல்லாம் அரசின் கையில் இருக்கின்றன. அழைப்புப் பட்டியலை எடுக்கலாம், வங்கிக் கணக்கைப் பார்க்கலாம், ஊரில் நான்கு பேரைக் கேட்கலாம். அப்பாவின் அழைப்புப் பட்டியலை எடுத்துப் பார்த்தார்களா என்று கேட்டேன். தேவைப்படவில்லை என்றார்கள். ஏன் தேவைப்படும்? நிரூபிக்க வேண்டியவர் எதிரில் நின்றுகொண்டிருக்கும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதற்காகத் தேட வேண்டும்?

இன்னொன்று, காலம். பறிமுதல் உத்தரவு வருகிறதோ இல்லையோ, வெயிலிலும் மழையிலும் வண்டியை நிறுத்திவைப்பதே தண்டனையை முடித்துவிடுகிறது. இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது: கைப்பற்றிய வண்டிகளைக் காவல் நிலையங்களில் நெடுநாள் நிறுத்திவைப்பதால் ஒரு பயனும் இல்லை, புகைப்படம் எடுத்து, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுங்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டம், நீதிமன்றத்தின் முன் வரும் சொத்துகளைப் பதினான்கு நாளில் பட்டியலிட்டுப் படம் எடுத்து, அடுத்த முப்பது நாளில் அவற்றை என்ன செய்வது என்று உத்தரவிடச் சொல்கிறது. நல்ல விதி. ஆனால் மது, போதைப்பொருள் என்று தனிச் சட்டங்களில் பிடிபட்ட வண்டி என்றால், பறிமுதல் நடவடிக்கை நிலுவையில் இருக்கிறதே என்ற ஒற்றைப் பதிலோடு அந்த நாள்கணக்கு நின்றுபோகிறது.

2025 ஜனவரியில் வந்த ஒரு தீர்ப்பை நான் இரண்டு முறை படித்தேன். அசாமில் கடன் வாங்கி லாரி எடுத்த ஒருவர். லாரியில் ஏறிய பயணி ஒருவரிடம் ஹெராயின். லாரி பிடிபட்டது. உரிமையாளர்மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. உச்ச நீதிமன்றம் வண்டியை இடைக்காலமாக அவரிடம் ஒப்படைக்கச் சொன்னது. உரிமையாளருக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டே இல்லாமல், வண்டியில் வந்த வேறொருவரிடம் பொருள் பிடிபட்டால் வண்டியை விடுவிப்பதே வழக்கமாக இருக்க வேண்டும் என்று பிரித்துச் சொன்னது. வண்டியில் வந்த பயணியையும் வண்டியின் சொந்தக்காரரையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். டிரைவரையும் சொந்தக்காரரையும் பிரித்துப் பார்க்க இன்னும் ஓரடிதான் எடுத்துவைக்க வேண்டும். அந்த ஓரடிக்குள்தான் எங்களைப் போன்றவர்கள் நிற்கிறோம்.

எங்கள் வண்டிக்கு இடைக்கால விடுவிப்பு உத்தரவு ஐந்தாம் மாதம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. இரண்டு ஜாமீன்தாரர்கள். ஒருவர் என் மாமா. தோட்டத்துப் பத்திரத்தின் நகலைக் கேட்காமலே கொண்டுவந்து மேசையில் வைத்தார். விற்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது, கூப்பிடும்போது கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனைகள். எல்லாவற்றிலும் அப்பா கையெழுத்துப் போட்டார். வேப்பமரத்தடிக்குப் போனபோது பேட்டரி இல்லை. எங்கே என்று கேட்க வழக்கறிஞர் வேண்டாம் என்று தலையசைத்தார். மூன்று டயர் போய்விட்டன. தளத்தில் முட்டைக்கோஸ் நீர் தேங்கிய இடத்தில் தகரம் துரு ஏறி, என் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. மெக்கானிக் வந்து சரிசெய்து, சாவியைத் திருப்பியதும் இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பறிமுதல் நடவடிக்கை இன்னும் முடியவில்லை. வண்டி வீட்டில் நிற்கிறது, ஓடுகிறது, தவணை கட்டுகிறது. அது எங்களுடையதுதானா என்பதை வேறொரு மேசையில் இருக்கும் கோப்பு ஒருநாள் சொல்லும்.

வழக்கறிஞர் ஒரு யோசனை சொல்லியிருந்தார்: இனிமேலாவது முன்னெச்சரிக்கை எடுத்ததற்கு எழுத்தில் ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா இருநூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினார். இப்போது ஒவ்வொரு சவாரிக்கும் முன்னால் தேதி, நேரம், ஏற்றிய இடம், மூட்டைக் கணக்கு எழுதுகிறார். 'சீட்டுக்குப் பின்னால் பார்த்தேன். தார்ப்பாய்க்கு அடியில் பார்த்தேன். வேறு பொருள் ஏதும் இல்லை.' கீழே டிரைவரின் கையெழுத்து. புதிய டிரைவர் ஐம்பதைத் தாண்டியவர், அப்பாவுக்குத் தூரத்து உறவு. முதல் நாள் நோட்டை நீட்டியபோது அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

சென்ற தையில் அப்பா, முழங்காலையும் பொருட்படுத்தாமல், டிரைவருடன் தாளவாடிக்கு ஏறினார். நானும் போனேன். அழுகிப்போன நாற்பது மூட்டைக்கு அன்றைக்கு ஒரு கடுஞ்சொல்லும் பேசாத அதே தோட்டக்காரர். தோட்டத்துச் சாளையில் காபி கொடுத்தார். ஆட்கள் மூட்டைகளை ஏற்றினார்கள். ஏற்றி முடித்ததும் அப்பா வண்டிமேல் ஏறி, ஒரு மூட்டையின் கட்டை அவிழ்த்து உள்ளே கையை விட்டுப் பார்த்தார். கட்டினார். அடுத்ததை அவிழ்த்தார். தோட்டக்காரர் காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"என் மூட்டையையுமா?" என்று கேட்டார்.

"நோட்டில் எழுத வேண்டுமுங்க" என்றார் அப்பா. அவர் முகத்தைப் பார்க்காமலே மூன்றாவது மூட்டையின் முடிச்சில் விரலை வைத்தார்.